மும்பைக்குப் புதிதாக வந்த தம்பதிகள் ஒரு மாலை வெளியே போய்வர: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணமாகிப் பதினோராம் நாள் நான் மும்பைக்கு வந்தேன். சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். அவருக்கு மதுரை. முதலில் மும்பைக்கு வெளியே டோம்பிவிலியில் ஓர் அறையும் சமையலறையும் உள்ள வீட்டில் இருந்தோம், இப்போது செம்பூரில் இருக்கிறோம். ஒன்பது வருடம் ஆகிவிட்டது. ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்கும் பெண்களும், சில சமயம் அவர்களுடைய வீட்டுக்காரர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொரு முறையும் படிக்கட்டில் நின்றபடி பாதி சொல்லிப் பாதி விட்டுவிடுகிறேன். அதனால் இங்கே சேர்த்து எழுதி வைக்கிறேன்.

இன்னும் பெட்டியே பிரிக்கவில்லை. கேஸ், வாடகை அக்ரிமென்ட் என்று ஆயிரம் வேலை கிடக்கிறது. இப்போது வெளியே போவது அவசியமா?

அவசியம். பெட்டி ஒரு வாரம் காத்திருக்கும்.

எங்கள் கதையைச் சொல்கிறேன். முதல் ஐந்து மாதம் நாங்கள் எங்கேயும் போகவில்லை. அவருக்குப் பரேலில் வேலை. காலை ஏழரைக்குக் கிளம்பினால் இரவு ஒன்பதரைக்கு வருவார். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்க, மாவு அரைக்க, தூங்க. நான் பகல் முழுக்க ஒரே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்தி தெரியாது. பக்கத்து வீட்டில் மராத்திக்காரர்கள். அம்மாவிடம் போனில் பேசுவது தவிர வாயைத் திறக்க வேலை இல்லை. ராத்திரி அவர் உள்ளே நுழைந்ததும், அன்று பேசாமல் சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் அவர் தலையில் கொட்டுவேன். இரண்டு ரயில் மாறி நின்றபடியே வந்த மனுஷனுக்கு அதைக் கேட்கத் தெம்பு இருக்காது. தப்பு அவர் மேலும் இல்லை, என் மேலும் இல்லை.

ஊரில் என்றால் நமக்கு அம்மா, அக்கா, பக்கத்து வீட்டு அத்தை, கோயில், பூக்காரம்மா என்று பத்துப் பேர் இருப்பார்கள். மனசில் உள்ளது பத்துப் பேரிடம் பிரிந்து போய்விடும். இங்கே அத்தனையும் ஒரே ஆளிடம் போய்ச் சேர்கிறது. மொழி தெரியாத ஊர் எதுவானாலும் நமக்கு வெளிநாடுதான், பாஸ்போர்ட் கேட்கவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம். நான்கு சுவருக்குள் அந்தப் பாரத்தை ஒருவர் மேல் ஒருவர் ஏற்றிக்கொண்டே இருக்க முடியாது. வாரத்தில் ஒரு மாலை இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்த்து நடந்தால், கொஞ்சத்தை அந்த ஊர் வாங்கிக்கொள்கிறது. நான் கண்ட உண்மை இது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முதல் முறை எங்கே போகலாம்?

மெரின் டிரைவ். எல்லோரும் போகும் இடம்தானே என்று ஒதுக்க வேண்டாம்.

நான் கடலில் சூரியன் உதிப்பதைப் பார்த்து வளர்ந்தவள். இங்கே கடல் மேற்கே இருக்கிறது, சூரியன் அதற்குள் போய் இறங்குகிறது. முதல் தடவை அதைப் பார்த்தபோது ஏதோ திசை தப்பிய மாதிரி இருந்தது. கோடையில் இன்னொன்றும் கவனித்தேன். அம்மா போனில், "விளக்கு ஏத்திட்டேன், இருட்டிடுச்சு" என்று சொல்லும்போது இங்கே இன்னும் வெளிச்சம் இருக்கும். நாம் எவ்வளவு தூரம் மேற்கே, வடக்கே வந்திருக்கிறோம் என்பது வரைபடத்தைவிட அந்த வெளிச்சத்தில்தான் எனக்குப் புரிந்தது.

சர்ச்கேட் ஸ்டேஷனில் இறங்கி மேற்கே ஐந்து நிமிடம் நடந்தால் கடல். ஒரு முனையில் நாரிமன் பாயின்ட், மறுமுனையில் கிர்காவ் சௌப்பாட்டி, நடுவே மூன்றரை கிலோமீட்டருக்குச் சற்று மேல் வளைந்து போகும் நடைபாதை. இருட்டியதும் அந்த வளைவில் விளக்குகள் வரிசையாக எரியும், அதைத்தான் ராணியின் கழுத்து மாலை என்கிறார்கள். சாலைக்கு மறுபக்கம் ஓரம் வளைந்த பால்கனிகளோடு வரிசையாக நிற்கும் பழைய கட்டடங்களையும் பாருங்கள். ஆர்ட் டெக்கோ என்ற, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதிக் கட்டடப் பாணி. ஓவல் மைதானத்தைச் சுற்றியுள்ள கட்டடங்களோடு சேர்த்து இவற்றை 2018-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

நவம்பர் டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், ஜூனில் ஏழேகால் ஆகும். அரைமணி முன்னால் போய்ச் சுவரில் இடம் பிடித்து உட்காருங்கள். சைக்கிளில் டீ கொண்டு வருவார்கள், சனா ஜோர் கரம் என்ற மசாலாக் கடலை விற்பார்கள். அவ்வளவு போதும். அன்றைக்கே கேட்வே ஆஃப் இந்தியாவும் கொலாபாவும் பார்க்க வேண்டும் என்று ஓடாதீர்கள். நம்மைப் போல நூற்றுக்கணக்கான ஜோடிகள் கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தரும் நம்மைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பெரியவர்கள் பார்வையிலேயே வளர்ந்த எனக்கு, அவர் தோளில் சாய்ந்து உட்கார முடிந்த முதல் பொது இடம் அதுதான்.

லோக்கல் ரயிலைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து எப்படிப் போவது?

பயப்படுவது சரிதான், அந்தக் கூட்டத்துக்கு மரியாதை கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கூட்டத்துக்கு ஒரு திசை உண்டு. காலையில் ஊரே தெற்கு நோக்கிப் போகும், சாயங்காலம் வடக்கு நோக்கித் திரும்பும். அதாவது சாயங்காலம் நாம் தெற்கே சர்ச்கேட் பக்கமோ சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி டெர்மினஸ்) பக்கமோ போகும்போது எதிர்த்திசையில் போகிறோம், உட்காரக்கூட இடம் கிடைக்கலாம். திரும்பும்போதுதான் சிக்கல். ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவில் கல்யாண் பக்கமோ விரார் பக்கமோ போகும் ஃபாஸ்ட் வண்டியில் ஏற முயலாதீர்கள். ஒன்பதரைக்கு மேல் கிளம்புங்கள். நள்ளிரவுக்குப் பிறகும் வண்டி உண்டு.

கூட்ட நேரத்தில் ஒரே பெட்டியில் போக வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். நான் லேடீஸ் பெட்டியில் ஏறுவேன், அவர் ஜெனரலில். இறங்கியதும் எங்கே சந்திப்பது என்று ஏறுவதற்கு முன்பே பேசிவிடுவோம். எந்தப் பாலம், எந்தப் பக்கம் என்பது வரைக்கும் பேசுவோம். இறங்க வேண்டிய ஸ்டேஷனுக்கு இரண்டு ஸ்டேஷன் முன்பே எழுந்து கதவுப் பக்கம் நகர வேண்டும். முன்னால் நிற்பவரிடம் "உதர்னா ஹை க்யா?" (இறங்கணுமா?) என்று கேளுங்கள். இறங்குபவர் என்றால் அவர் பின்னாலேயே நின்றுகொள்ளலாம், இல்லை என்றால் வழிவிடுவார். மும்பையில் நான் கற்ற முதல் முழு வாக்கியம் அதுதான்.

ஸ்டேஷன் பலகையில் எஃப் என்றால் ஃபாஸ்ட், எஸ் என்றால் ஸ்லோ. நம் தென்னாட்டுக்காரர்கள் நிறைய இருக்கும் மாட்டுங்கா போக ஃபாஸ்ட் வண்டியில் ஏறினால் அது நிற்காமல் தாதர் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் என்று தண்டவாள வேலைக்காகப் பகலில் சில மணி நேரம் வண்டிகளைக் குறைப்பார்கள், தடம் மாற்றுவார்கள். எந்தப் பாதையில் என்பதைச் சனிக்கிழமையே பார்த்துவிடுங்கள். ஒரு ஞாயிறு மதியம் அது தெரியாமல் ஸ்டேஷனில் ஒன்றரை மணி நேரம் நின்று, அப்படியே வீட்டுக்குத் திரும்பியிருக்கிறோம்.

மாட்டுங்காவில் சந்திக்கலாம் என்று பேசிவிட்டுப் பலரும் தொலைந்து போவதாகச் சொல்கிறார்களே?

ஆமாம், நாங்களும் தொலைந்தோம். மாட்டுங்கா என்ற ஸ்டேஷன் சென்ட்ரல் லைனில். மாட்டுங்கா ரோட் என்பது வெஸ்டர்ன் லைனில். கிங்ஸ் சர்க்கிள் ஹார்பர் லைனில். மூன்றும் வேறு வேறு இடம். அவர் வேலை முடிந்து லோயர் பரேலில் ஏறி மாட்டுங்கா ரோட்டில் இறங்கியிருந்தார். நான் டோம்பிவிலியிலிருந்து வந்து மாட்டுங்காவில் நின்றேன். "ஸ்டேஷன் வாசல்லதான் நிக்கிறேன்" என்று இருவரும் போனில் மாறி மாறிச் சொல்லி, கடைசியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு பூ விற்கும் அம்மா தமிழில், "ஏம்மா, அந்தப் பக்கம் ஒரு ஸ்டேஷன் இருக்குல்ல, அங்க நிப்பாரு. பாலத்துல ஏறிப் போ" என்றார். இரண்டு ஸ்டேஷனையும் இணைக்கும் இசட் பாலம் அது. பாலத்தின் நடுவில் அவரைப் பார்த்தேன்.

சென்ட்ரல் லைன் மாட்டுங்கா ஸ்டேஷனை 2017 முதல் முழுக்கப் பெண் ஊழியர்களே நடத்துகிறார்கள். தனியாக நின்று காத்திருக்க எனக்கு அந்த ஸ்டேஷன் பிடிக்கும்.

ஆட்டோவா, டாக்சியா?

பாந்த்ராவுக்கும் சயானுக்கும் தெற்கே ஆட்டோ கிடையாது, கறுப்பு மஞ்சள் டாக்சிதான். இரண்டும் மீட்டர் போட்டுத்தான் ஓடும். பேரம் பேசியே பழகிய நமக்கு இது பெரிய நிம்மதி. 2025 பிப்ரவரி முதல் ஆட்டோவுக்குக் குறைந்தபட்சம் 26 ரூபாய், டாக்சிக்கு 31. நள்ளிரவிலிருந்து காலை ஐந்து மணி வரை கால் பங்கு கூடுதல். கிட்டத்து தூரத்துக்கு வர மறுப்பவர்களும் உண்டு. அடுத்த வண்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்காக அந்த மாலையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு இந்தி வராது. அவர்தான் எல்லா இடத்திலும் பேசுகிறார். நான் பொம்மை மாதிரி நிற்கிறேன். என்ன செய்வது?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது பல பெண்களுக்குக் கண் கலங்கிவிடும். எனக்கு அது தெரியும். ஒரு ஹோட்டலில் நான் தண்ணீர் கேட்டதைப் பரிமாறுபவர் திரும்பிச் சொல்லிக் காட்டிச் சிரித்தார். அடுத்த இரண்டு மாதம் வெளியே எங்கேயும் நான் வாயே திறக்கவில்லை. அவரும் என் மேல் உள்ள அக்கறையில் எல்லாவற்றையும் தானே பேசிவிடுவார். நாள் போகப்போக எனக்கு அது கூண்டு மாதிரி ஆகிவிட்டது.

பிறகு ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். வெளியே போகும் மாலையில் வாங்குவது, வழி கேட்பது, காசு கொடுப்பது எல்லாம் என் வேலை. அவர் இரண்டடி பின்னால் நிற்பார். நான் திரும்பிப் பார்த்தால்தான் உதவிக்கு வருவார். பானி பூரிக் கடையில் தொடங்குங்கள், அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. "தீக்கா" என்றால் காரம், "மீட்டா" என்றால் இனிப்பு, "மீடியம்" உங்களுக்கே தெரியும். சாப்பிட்டு முடித்ததும் "ஏக் சுக்கா" என்று கேட்டால் தண்ணீர் ஊற்றாத பூரி ஒன்று சும்மா கொடுப்பார். அதைக் கேட்டு வாங்கிய அன்று எனக்கு இருந்த சந்தோஷம் சின்னதில்லை. டீக்கடையில் "தோ கட்டிங்" என்றால் அரை டம்ளர் டீ இரண்டு.

மராத்தியில் நாலு சொல் தெரிந்தால் முகங்கள் மாறிவிடும். "கிதி?" என்றால் எவ்வளவு. "நக்கோ" என்றால் வேண்டாம். "ஹோ" என்றால் ஆமாம். வயதில் பெரிய பெண்களை "மாவ்ஷி" என்று கூப்பிடுங்கள், நம் ஊர்ச் சித்தி பெரியம்மா மாதிரி. முறை சொல்லிக் கூப்பிட்டால் நெருங்கி வருவது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை, இங்கேயும் அப்படித்தான்.

மாட்டுங்கா போனால் ஊருக்கே வந்த மாதிரி இருக்கிறது. வாராவாரம் அங்கேயே போகலாமா?

முதல் ஆறு மாதம் மாதத்துக்கு இரண்டு தடவை தாராளமாகப் போங்கள். பசிக்குச் சாப்பிடுவது போலத்தான் அதுவும். தெலங் ரோட்டில் மதுரை மல்லி மாதிரி நெருக்கிக் கட்டிய பூச்சரம் கிடைக்கும். வாழை இலை, கறிவேப்பிலை, அப்பளம், வடாம், அரைத்த காபித்தூள் எல்லாம் வரிசையாக இருக்கும். ஆஸ்திக சமாஜம் கோயிலில் சாயங்காலம் கொஞ்ச நேரம் நின்றால் காதில் தமிழும் மலையாளமும் விழும். அந்த ஒலி ஒன்றுக்காகவே நான் போயிருக்கிறேன்.

சாப்பாட்டுக்கு அங்கே நூறு வருடத்தை நெருங்கும் கடைகள் உண்டு. கஃபே மைசூர் 1936-ல் தொடங்கியது, ராம் ஆஷ்ரயா 1939-ல், கஃபே மெட்ராஸ் 1940-ல், ஸ்டேஷன் பக்கத்து மாடியில் இலை போட்டுச் சாப்பாடு போடும் ராமா நாயக்கின் உடுப்பி 1942-ல். இவற்றைத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் உடுப்பி, மங்களூர்ப் பக்கத்துக் கொங்கணி, துளு பேசும் ஆட்கள். பம்பாய்க்குப் பிழைக்க வந்த தென்னாட்டு ஆபீஸ்காரர்களுக்காகப் போட்ட கடைகள். நமக்கு முன்னால் தனியாக வந்து, ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏங்கியவர்கள் உட்கார்ந்த அதே பெஞ்சில்தான் நாமும் உட்காருகிறோம். எனக்கு இது பெரிய ஆறுதல். ஞாயிறு காலை வரிசை தெருவுக்கு வந்துவிடும். வார நாள் சாயங்காலம் ஆறு மணிக்குப் போனால் நிதானமாகச் சாப்பிடலாம்.

ஆனால் வாராவாரம் வேண்டாம். மாட்டுங்காவிலிருந்து வீடு திரும்பும் ரயிலில் எனக்கு எப்போதும் மனசு கனத்துப் போகும், விடுமுறை முடிந்து ஹாஸ்டல் திரும்பும் பிள்ளை மாதிரி. அடுத்த வாரம் கட்டாயம் நமக்குத் தெரியாத இடத்துக்குப் போங்கள். அப்போதுதான் டோம்பிவிலியோ பன்வேலோ நாம் திரும்பி வரும் வீடாக ஆகும். மாட்டுங்காவிலேயே பக்கத்தில் பார்சி காலனியின் ஐந்து தோட்டங்கள் இருக்கின்றன. காபி குடித்துவிட்டு அங்கே ஒரு சுற்று நடந்தாலே வேறு ஊருக்குள் நுழைந்த மாதிரி இருக்கும்.

சாம்பார் இனிக்கிறதே?

இனிக்கும். உடுப்பிப் பக்குவத்தில் வெல்லம் சேரும். ரசவடை கேட்டுப் பாருங்கள், நம் நாக்குக்குச் சரியாக இருக்கும்.

செலவு கையைக் கடிக்கிறது. டெபாசிட் கட்டிய கடனே இன்னும் தீரவில்லை.

எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. மாலில் படம், மாலிலேயே சாப்பாடு என்று போனால் ஒரு மாலையில் ஒரு வாரக் காய்கறிக் காசு போய்விடும். கடற்கரைக்குக் காசு இல்லை. ரயிலில் இரண்டாம் வகுப்புக் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய்தான். காலா கோடாவில் ஜஹாங்கீர் ஆர்ட் கேலரி 1952-லிருந்து இருக்கிறது, உள்ளே போக டிக்கெட் இல்லை, ஏழு மணி வரை ஓவியங்கள் பார்க்கலாம். சில நாள் ஓவியரே பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அங்கிருந்து கேட்வே நடை தூரம். இரானி ஹோட்டலில் இரண்டு டீ, ஒரு பன் மஸ்கா (வெண்ணெய் தடவிய பன்) வாங்கிக்கொண்டு அரை மணி உட்காரலாம். எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போய்க் கடற்கரையில் சாப்பிட்டிருக்கிறோம். அந்த மாலைகளில் ஒன்றுகூட எனக்கு மறக்கவில்லை.

அவருக்கு வேலை முடியவே எட்டரை ஆகிவிடுகிறது. வார நாளில் எப்படி?

அவர் வீடு வந்து சேர்ந்த பிறகு கிளம்ப நினைத்தால் நடக்காது. நீங்கள் பாதி வழி போங்கள். நான் வியாழக்கிழமைகளில் தாதர் போவேன். சாயங்காலம் எதிர்த்திசை வண்டி என்பதால் எனக்கு இடம் கிடைக்கும். சிவாஜி பார்க்கைச் சுற்றியுள்ள கட்டைச் சுவரில் உட்கார்ந்திருப்பேன், அவர் நேராக அங்கே வருவார். இரவு பத்து மணிக்கும் அங்கே தாத்தா பாட்டிகள் நடந்துகொண்டிருப்பார்கள். சாப்பிட்டுவிட்டுப் பத்தரை வண்டியைப் பிடிப்போம். கூட்டமும் குறைந்திருக்கும். அவர் சோர்வும் பாதி போயிருக்கும்.

இரவில் பெண்களுக்குப் பாதுகாப்பா?

நான் பார்த்த வரை இந்த ஊர் இரவிலும் விழித்திருக்கிறது, தெருவில் ஆள் இருப்பார்கள். அதற்காகக் கவனம் இல்லாமல் இருக்கக் கூடாது. இரவு வண்டியில் லேடீஸ் பெட்டியில் போலீஸ்காரர் ஒருவரைக் காவலுக்குப் போடுகிறார்கள், அவர் இருக்கும் பெட்டியாகப் பார்த்து ஏறுங்கள். ஆளில்லாத பெட்டி வேண்டாம். போனில் அவசர உதவிக்கு 112, மும்பை போலீசின் பெண்கள் உதவி எண் 103, ரயிலுக்கு 139, இந்த மூன்றும் இருக்கட்டும்.

மழைக்காலத்தில் நாலு மாதம் வீட்டுக்குள்ளேயேவா?

ஜூன் நடுவில் பிடித்தால் செப்டம்பர் கடைசி வரை பெய்யும். நம் ஊர் ஐப்பசி மழையை நினைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு ஜூலை அதிர்ச்சியாக இருக்கும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. ரெட் அலர்ட் விட்ட நாளில் எந்தத் திட்டம் இருந்தாலும் விட்டுவிடுங்கள். கடல் ஏற்ற நேரமும் பெருமழையும் சேர்ந்தால் தண்ணீர் வடியாமல் தண்டவாளம் முங்கும், வண்டி நிற்கும். மெரின் டிரைவில் அலை சுவரைத் தாண்டி அடிப்பதைப் பார்க்கக் கூட்டம் கூடும். தள்ளி நின்று பாருங்கள், கீழே அலையைத் தடுக்கப் போட்டிருக்கும் நான்முனை கான்கிரீட் கற்கள் மேல் இறங்கவே கூடாது. அங்கே உயிர் போயிருக்கிறது.

சாதாரண மழை நாளில் கட்டாயம் போங்கள். குடைக்குள் இரண்டு பேர், வண்டிக்காரர் கரியில் சுட்டு எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தேய்த்துத் தரும் சோளம். வேறென்ன வேண்டும்?

கச்சேரி, நாடகம், தமிழ்ப் படம் எல்லாம் இங்கே உண்டா?

தாராளமாக. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஷண்முகானந்தா அரங்கம் இருக்கிறது. சபை 1952-ல் உருவானது, அரங்கம் 1963-ல் திறந்தது. 1990-ல் தீ விபத்தில் எரிந்து, மறுபடி கட்டி 1998-ல் திறந்தார்கள். 2,700 பேருக்கு மேல் உட்காரலாம். பட்டுப்புடவை கட்டி, தலையில் பூ வைத்து நான் மும்பையில் முதலில் போன இடம் அது. இடைவேளையில் அடுத்த நாற்காலி மாமி, "எந்த ஊரும்மா நீ?" என்று கேட்டார். அவ்வளவுதான், பேச்சு நிற்கவில்லை. செம்பூரில் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியிலும் கச்சேரிகள் நடக்கும்.

நாடகம் என்றால் ஜுஹூவில் பிருத்வி தியேட்டர். மொழி முழுக்கப் புரியாவிட்டாலும் மேடைக்கு அவ்வளவு பக்கத்தில் உட்காரும்போது முகம் சொல்வதை வைத்தே புரிந்துகொள்ளலாம். தாமதமாகப் போனால் உள்ளே விடமாட்டார்கள், அதனால் ஒரு மணி நேரம் முன்பே போய் அங்குள்ள கஃபேயில் உட்காருங்கள். பெரிய நடிகர்களின் தமிழ்ப் படம் வந்தால் சயான், செம்பூர், வாஷி பக்கத் தியேட்டர்களைப் பாருங்கள்.

வெளியே போனால் சண்டைதான் வருகிறது. பேசாமல் வீட்டிலேயே இருக்கலாமோ?

வரும். எங்களுக்கு முதல் வருடம் மூன்றில் ஒரு மாலை சண்டையில்தான் முடிந்தது. காரணம் பெரும்பாலும் ஒன்றே. வீட்டில் பேச நேரம் கிடைக்காத வாடகையையும் மாமியார் போனில் சொன்னதையும் கடலுக்கு முன்னால் உட்கார்ந்து எடுத்துவிடுவோம். எதிரே சூரியன் இறங்கிக்கொண்டிருக்கும், நாங்கள் மின்கட்டணம் பேசிக்கொண்டிருப்போம்.

ஒரு நாள் வோர்லி சீ ஃபேஸில் அவர் சொன்னார்: "உன்னை இங்க கூட்டிட்டு வந்தது தப்போன்னு தினமும் தோணுது. நீ அழறப்பல்லாம் எனக்கு அதுதான் கேக்குது." நான் அழுதது ஊர் நினைப்பில். அவர் அதைத் தன் மேல் உள்ள குறையாகவே இத்தனை மாதம் கேட்டிருக்கிறார். அவருக்கும் ஆபீசில் தமிழ் பேச ஆள் இல்லை, மதியம் தனியாகத்தான் சாப்பிடுகிறார் என்பதும் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டில் முகத்துக்கு முகம் பார்த்துச் சொல்ல முடியாததைக் கடலைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடிந்தது.

அதற்கப்புறம் ஒன்று வைத்துக்கொண்டோம். வீட்டுக் கணக்கு, இரண்டு குடும்பத்து விவகாரம் எல்லாம் திரும்பும் ரயிலுக்கு. போகும்போதும் அங்கே இருக்கும்போதும் கண்ணில் படுவதைத்தான் பேசுவோம். ஊரிலிருந்து போன் வந்தால், "வெளிய இருக்கோம்மா, ராத்திரி கூப்பிடுறேன்" என்று சொல்லிவிடுவோம். அம்மாவுக்கு முதலில் வருத்தம், பிறகு அவளே, "எங்க போனீங்க, என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்க ஆரம்பித்தாள். ஊர் நினைப்பில் அழுகை வந்தால் அழுங்கள். எதற்கு அழுகிறீர்கள் என்பதை மட்டும் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிவிடுங்கள்.

மாமனார் மாமியார் வந்து தங்கியிருக்கிறார்கள். எங்கள் இருவர் மட்டும் போனால் தப்பாக நினைப்பார்களே?

முதலில் அவர்களை ஒரு மாலை கூட்டிப்போங்கள். செம்பூர் செட்டா நகர் முருகன் கோயில் நல்ல இடம். அடுத்த வாரம், "நாங்க கொஞ்சம் நடந்துட்டு வர்றோம் அத்தை" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், வரும்போது அவர்களுக்கும் ஏதாவது வாங்கி வாருங்கள். என் மாமியாரே ஒரு நாள், "போயிட்டு வாங்க, ஒத்த ரூம்ல எத்தனை நேரம்தான் உக்காந்திருப்பீங்க" என்றார். குழந்தை இருந்தால் பக்கத்து வீட்டோடு முறை வைத்துக்கொள்ளலாம். எங்கள் பக்கத்து வீட்டு மராத்திக்கார அம்மாவை நாங்கள் காக்கு (நம் ஊர்ச் சித்தி மாதிரி) என்று கூப்பிடுவோம். அவர் எங்கள் மகளைப் பார்த்துக்கொள்வார், அவர் வீட்டு விசேஷத்துக்கு நான் முறுக்கு சுட்டுத் தருவேன்.

எப்போதும் நாங்கள் இருவர் மட்டும்தானா? நண்பர்களே இல்லையே?

சில மாதம் அப்படித்தான் இருக்கும். கச்சேரி, கோயில், சயானில் உள்ள தமிழ்ச் சங்கத்து நிகழ்ச்சி என்று போகப்போக முகங்கள் பழகும். பொங்கல் அன்று தாராவியின் தொண்ணூறடி சாலைக்குப் போங்கள். தெருவிலேயே அடுப்புக் கூட்டிப் பானை வைப்பார்கள், கரும்பும் மஞ்சள் கொத்தும் கிடைக்கும். திருநெல்வேலிப் பேச்சைக் கேட்டு நான் அங்கே அப்படியே நின்றுவிட்டேன். ஒரு பெண் எங்கள் கையில் பொங்கல் தொன்னையைக் கொடுத்து, எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டு, பக்கத்து ஊர்தான் என்றாள். இன்றும் எங்கள் வீட்டுக்கு வந்து போகிறாள். தமிழர் மட்டும் போதும் என்று நின்றுவிடாதீர்கள். காக்குவிடம்தான் நான் மராத்தி கற்றேன்.

எத்தனை நாளில் இந்த ஊர் பழகும்?

எனக்கு ஏறக்குறைய இரண்டு வருடம் ஆனது. ஒரு வியாழக்கிழமை, தூறல் போட்டுக்கொண்டிருந்தது. மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் அவருக்காகக் காத்திருந்தேன். புதுத் தாலிக்கயிற்று மஞ்சள் இன்னும் வெளுக்காத ஒரு பெண், போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஸ்டேஷன் வாசல்லதாங்க நிக்கிறேன்" என்று தழுதழுத்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவள் கையைப் பிடித்துத் திருப்பினேன். "அந்தப் பாலத்துல ஏறும்மா. கடைசி வரைக்கும் நட. அவரு அந்தப் பக்கம் நிப்பாரு" என்றேன்.